பெயர் சொல்லாதவருக்கு ஒரு கேடயம்

விருது கிடைத்திருக்கும் செய்தியைப் பெரியவள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்புறம், ஈரப் போர்வைகள் தொங்கும் கொடிகளுக்கு நடுவே நின்று கேட்டாள். அங்கே வரச் சொன்னவர் கிசுகிசு அதிகாரி. தலைமை அலுவலகத்தில் அவருக்குத் 'தகவல் தருவோர் பாதுகாப்பு அலுவலர்' என்று நீளமான பதவி. பதவியின் கனம் தொண்டையில் இறங்கிவிட்டதோ என்னவோ, மனிதர் எதையும் காற்றாகத்தான் சொல்வார். டீக்குச் சர்க்கரை போதும் என்று சொன்னால்கூட, எங்கோ ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிற மாதிரி இருக்கும்.

"வாழ்த்துகள்மா," என்றார் ஒரு போர்வைக்குப் பின்னாலிருந்து. "இந்த வருஷத்து 'துணிந்து சொன்னவர்' விருது உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"மெதுவா, மெதுவா. உங்களுக்குத்தான். ஆனா உங்களுக்குன்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

"அப்ப மேடையில ஏறி யாரு சார் வாங்குவாங்க?"

அதிகாரி போர்வையின் ஓரத்தை விலக்கி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பேர் சொல்லாதவரோட சார்பா, அவரு வேலை பாக்குற நிறுவனத்தோட தலைவர் வாங்கிக்கலாம்னு விதியில இருக்கு."

பெரியவளுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிறுவனத்தின் தலைவர் என்றால் கண்காணிப்பாளர். அவள் யார்மேல் புகார் சொன்னாளோ, அவர்.

"சார், நான் சொன்னதே அவரைப் பத்தித்தானே?"

"அது ரகசியமாச்சேம்மா," என்றார் அதிகாரி, மிகுந்த இரக்கத்தோடு. "அவருக்கே தெரியாது."

பெரியவள் என்பது வீட்டில் விழுந்த பெயர். அவளுடைய தம்பிக்குக் கல்யாணமாகி, தம்பி பெண்டாட்டிக்கும் அதே கிருமிநீக்க அறையில் வேலை கிடைத்த பிறகு, மருத்துவமனைக்காரர்களும் ஒருத்தியைப் பெரியவள் என்றும் இன்னொருத்தியைச் சின்னவள் என்றும் பிரித்துக்கொண்டார்கள். வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். தம்பி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாட்களைவிட வீட்டை நினைத்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவனுக்கு அதிகம். ஆகவே ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வேலை என்று இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வருடங்களை ஓட்டினார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதில் ஏதோ சூது இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி வெகுநாள் காத்திருந்து பார்த்து அலுத்துப் போனாள்.

அறையில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு என்றால் அது ஆட்டோகிளேவ்தான். ஆளுயர இரும்புப் பெட்டி; கப்பல் கதவு மாதிரி சக்கரம் வைத்த கதவு. அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டி உள்ளே வைத்தால், நீராவியின் அழுத்தத்தில் கிருமிகளைக் கொன்று வெளியே தரும். செத்த கிருமிக்கும் சாகாத கிருமிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதே? அதற்காக ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். டேப்பில் வெளுத்த கோடுகள் இருக்கும். நீராவி சரியாக ஏறினால் கோடுகள் கறுக்கும். டாக்டர்கள் வேறெதையும் பார்ப்பதில்லை. கோடு கறுத்திருந்தால் கத்தியை எடுப்பார்கள்.

பெரியவள் அதற்கு மேல் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அரசாங்கம் போட்டதல்ல, அதனால்தான் மீறப்படாமல் நடந்துவந்தது. ஒருத்தி டேப்பைப் பார்த்து "கறுத்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவள் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, தன் கண்ணால் பார்த்து, "பாத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராத மூட்டை அறையை விட்டு வெளியே போகாது. "ஒரு ஆளு கண்ணு தூங்கும்டி, ரெண்டு ஆளு கண்ணு ஒரே நேரத்துல தூங்காது," என்பாள். வேடிக்கைக்காகச் சின்னவள் வீட்டிலும் இதைத் தொடங்கிவைத்தாள். அடுப்பில் பால் பொங்கினால் "பொங்கியாச்சு" என்பாள் ஒருத்தி; "பாத்தாச்சு" என்று கூடத்திலிருந்து பதில் வரும். அதற்குள் பால் வழிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

கண்காணிப்பாளருக்கு முதுகுக்குப் பின்னால் 'கத்தரிக்கோல்' என்று பெயர். ரிப்பன் வெட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாலும் ரிப்பன் கட்டச் சொல்வார். இந்த ஆட்டோகிளேவையே இரண்டு முறை திறந்துவைத்தவர்: வந்தபோது ஒரு முறை, பெயின்ட் அடித்தபோது ஒரு முறை. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் கிருமிநீக்க அறையிலிருந்துதான் போகும். கிருமி இல்லாத கத்தரிக்கோலால் வெட்டினால் திறப்பு விழா நீடித்து நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

பெரியவள் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த நாட்களில் எல்லாம் நடந்தது. ஆட்டோகிளேவ் கதவின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. நீராவி கதவு ஓரமாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. கோடுகள் வெளுத்தது வெளுத்தபடியே இருந்தன. சின்னவள் ஓடிப்போய்ச் சொன்னாள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வரும் வாரம் அது. அறுவை சிகிச்சைகள் நின்றுபோனால் ஏன் நின்றன என்று கேட்பார்கள். கத்தரிக்கோல் தானே அறைக்கு வந்தார், கையில் தம் சட்டைகளைத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியோடு.

"கோடு கறுக்கணும், அவ்வளவுதானே? இதுக்குப் போயி கப்பல் கவுந்த மாதிரி நிக்கிறியே. ஈரத்துணியப் போட்டு ஒரு இழுப்பு இழு. புது வளையம் வந்துக்கிட்டே இருக்கு."

இழுத்தாள். கறுத்தது. "கறுத்தாச்சு" என்று அவளே சொல்லி, "பாத்தாச்சு" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பெரியவள் கண் தெளிந்து வேலைக்குத் திரும்பியபோது முதலில் பார்த்தது மேசைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத்தான்.

"என்னடி இது, ஆஸ்பத்திரியா, சலவைக் கடையா?"

சின்னவள் சொன்னாள். பெரியவள் கேட்டு முடித்துவிட்டு நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். என்ன இப்போ?" என்றார் அவர். "நம்ம ஆஸ்பத்திரி ஒரு குடும்பம். குடும்பத்துல ஒரு பாத்திரம் ஓட்டையானா ஊரைக் கூட்டியா காட்டுவோம்?"

பெரியவள் வீட்டில் படுத்திருந்த அந்த இடைவெளியில் பிரசவ அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தவள் தையல்காரி. மருத்துவமனை வாசலுக்கு எதிரே சின்னக் கடையில் தைப்பவள். இவர்கள் இருவருடைய வேலையங்கியும் அவள் தைத்ததுதான். சின்னவளின் அங்கியில் கேட்காமலே உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துக் கொடுத்து, "இதுல மிட்டாய் வச்சுக்க, உன் நாத்தனாருக்குத் தெரியாது," என்று கண்ணடித்தவள். குழந்தை நன்றாகப் பிறந்தது. தாய்க்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. பெரியவள் பார்க்கப் போனபோது அவள் பெரியவளின் அங்கியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "மடிப்பு பிரிஞ்சிருக்கு பாருங்கக்கா, வந்து தச்சுத் தர்றேன்," என்றாள். வரவில்லை.

வார்டு சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அரசாங்கத்தின் 'துணிந்து சொல்' திட்டம். அலுவலகத்தில் தப்பு நடந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள். உங்கள் பெயரை உயிர்போலக் காப்போம். ரகசியம் காக்கப்படும் என்பதைக் காட்டுவதற்காக ஓவியர் ஒரு பெண் உதட்டின்மேல் விரல் வைத்திருப்பதாக வரைந்துவிட்டார். ஆகவே நாடு முழுக்க மருத்துவமனைகளில் அதை 'அமைதி காக்கவும்' பலகை என்று நினைத்து வார்டுக்கு வார்டு மாட்டியிருந்தார்கள். துணிந்து பேசச் சொல்லும் அந்தப் படத்தைக் காட்டித்தான் நர்சுகள் நோயாளிகளின் வாயை மூடினார்கள்.

பெரியவள் அதன் அடியில் இருந்த எண்ணைப் படித்தாள். போன் செய்தாள். மறுமுனையில் ஒரு குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. "அந்தப் பொண்ணு சொன்னதைச் செஞ்சவ. சொன்னவரைக் கேளுங்க. என்கிட்டயே ஒத்துக்கிட்டாரு," என்று இரண்டு தடவை சொன்னாள். குரல் கடைசியாக ஒன்று சொன்னது: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்டகூட."

சொல்லவில்லை. சின்னவள் பயந்துபோவாள் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மூட்டையை இன்னொருத்தியின் கண்ணில் காட்டாமல் வெளியே அனுப்பினாள்.

விசாரணைக் குழு வந்தது. ஆட்டோகிளேவுக்கு முத்திரை வைத்து, கத்திகளை வேறு மருத்துவமனையிலிருந்து வேனில் வரவழைத்தார்கள். பெரியவளின் தொலைபேசிப் பேச்சைத் தட்டச்சு செய்து குழுவிடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன் பாதுகாப்புப் பிரிவு தன் கடமையைச் செய்திருந்தது. எந்த வாக்கியத்தைப் படித்தால் சொன்னவர் யார் என்று ஊகிக்க முடியுமோ, அதையெல்லாம் மையால் அடித்திருந்தது. கண்காணிப்பாளர் பெரியவளிடம் தனியாக ஒப்புக்கொண்டது அதில் போயிற்று. அவர் இஸ்திரிப் பெட்டியோடு வந்தது போயிற்று. அந்தப் பெண் சொன்னதைச் செய்தவள் என்பதும் போயிற்று. உள்ளே இருந்தவருக்கு மட்டும்தானே இதெல்லாம் தெரியும்? யாருக்கும் ஆபத்தில்லாமல் மிஞ்சியது ஒன்றுதான்: கிருமிநீக்க அறையில் ஒரு பெண் டேப்பை இஸ்திரி போட்டாள்.

"போட்டது யாரு?" என்றது குழு.

"நான்தான் சார்," என்றாள் சின்னவள். பொய் சொல்லத் தெரியாதவள். "பெரிய சார் சொன்னாரு."

"நானா?" என்றார் கத்தரிக்கோல். அந்த 'நானா'வில் இருந்த வேதனையைப் பார்த்துக் குழுவில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

அந்த நாட்களில் விடுப்பில் இருந்தவள் என்று பெரியவளைக் குழு கூப்பிடவே இல்லை. சின்னவளைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். நிரந்தரமாக நீக்கும் ஆணை துறைச் செயலாளரின் கையெழுத்துக்குப் போனது. தப்புக்குக் காரணமான இஸ்திரிப் பெட்டியையும் அறையிலிருந்து அகற்ற வேண்டும் என்று குழு கண்டிப்பாகப் பரிந்துரைத்தது. அது கண்காணிப்பாளரின் சட்டைகளுக்கே திரும்பிப் போனது.

அன்று தொடங்கி வீட்டில் தினமும் ஒரு பூசை நடந்தது. மாலையில் பெரியவள் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், சின்னவள் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"எவ கோள் சொன்னாளோ, அந்த வாயில புழு விழணும்."

பெரியவள் சாப்பிடுவாள்.

"ஆம்பளையா இருந்தா அவன் நாக்கு இழுத்துக்கிட்டுப் போகணும். ஏன்க்கா, சலவைக்கூடத்து மேஸ்திரியா இருக்குமோ? அந்த ஆளு பார்வையே சரியில்ல."

"அவரு பாவம்டி. அவருக்கு மாறுகண்ணு."

"மாறுகண்ணு வச்சுக்கிட்டே நம்ம ரூம எட்டி எட்டிப் பாப்பாரே. இன்னிக்கு எதிர்ல வந்தாரு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். 'என்னம்மா கோவம்'னு கேக்குறாரு, பச்சப்புள்ள மாதிரி!"

"போதும்டி, சாப்பிடு."

"உங்களுக்கு என்னக்கா, நீங்க யாரையும் தப்பா நினைக்க மாட்டீங்க. உங்க மனசுக்கு நீங்க நல்லா இருப்பீங்க." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போடுவாள். அந்தக் கரண்டிச் சாப்பாட்டைப் பெரியவள் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவாள்.

தம்பி எங்கிருந்தோ லாரியை ஓரம் கட்டிவிட்டுப் போன் செய்வான். "அக்கா, நீ இருக்கேல்ல. நீ இருக்கிறப்ப அவளுக்கு என்ன ஆகிடப்போவுது? நான் நிம்மதியாத்தான் இருக்கேன்." அவன் நிம்மதியாக இல்லை என்பது இஞ்சின் சத்தத்துக்கு மேலேயும் கேட்கும்.

விருதுச் செய்தி வந்த மறுநாள் பெரியவள் விடுப்புப் போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். கிசுகிசு அதிகாரியின் அறை வாசலில் 'ரகசியப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. உள்ளே போகிறவர்களை எதிர்க் கடைக்காரர் முதல் லிஃப்ட் இயக்குபவர் வரை நன்றாகப் பார்க்க முடிந்தது.

"எனக்கு விருது வேணாம் சார்," என்றாள். "அந்தப் பொண்ணு வேலை போகாம இருக்கணும். அவரு சொல்லித்தான் செஞ்சான்னு நான் வந்து சாட்சி சொல்றேன்."

"நேர்ல வந்து சொன்னா நீங்க யாருன்னு தெரிஞ்சிடுமேம்மா."

"தெரியட்டும்."

"அது எப்படி? உங்களைக் காப்பாத்துறது எங்க கடமை."

"என்னைக் காப்பாத்த வேணாம். அவளைக் காப்பாத்துங்க."

"அவங்க தகவல் தந்தவர் இல்லையே," என்றார் அதிகாரி வருத்தத்துடன். "அவங்களுக்கு எங்க பிரிவுல இடமில்ல. அவங்க வெறுமனே செஞ்சவங்க."

"அப்ப யாருகிட்டதான் சொல்றது?"

மனிதர் கெட்டவர் இல்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, வழக்கத்தைவிடவும் மெல்லிய குரலில் சொன்னார். "செயலாளர் இன்னும் கையெழுத்துப் போடல. விழா முடிஞ்சுதான் போடுவாரு. அவரு யாரையும் உள்ள விடமாட்டாரு. அவரை நேர்ல பாக்குற ஒரே இடம் அந்த விழாதான். இதை நான் சொல்லல."

விழா அன்று புறநோயாளிகள் கூடத்திலிருந்து நோயாளிகளை அப்புறப்படுத்தி நாற்காலி போட்டார்கள். இருமியபடி வெளியேறியவர்களிடம், உங்களுக்காக உண்மை பேசியவரைப் பாராட்டத்தான் இந்த ஏற்பாடு என்று ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். மேடையின் பின்திரையில் உதட்டில் விரல் வைத்த பெண், சுவர் முழுக்கப் பெரிதாக. மேசை விரிப்பு கசங்கியிருந்ததால் கண்காணிப்பாளர் அறையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து, நடைபாதையிலேயே வைத்து ஒரு பணியாளர் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் அதைத் தாண்டிப் போய்த்தான் தன் இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

செயலாளர் பேசினார். பிறகு கேடயம் கொடுக்கப்பட்டது. யாருக்கு என்று பொறிக்க முடியாததால் அதில் பெயர் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று காலியாக இருந்தது. கத்தரிக்கோல் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அந்த மழமழப்பில் அவர் முகம் நன்றாகவே தெரிந்தது.

"அந்த உத்தமர்," என்று தொடங்கினார், "இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறார். அவர் யார் என்று நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. ஆனால் அவருடைய வலி எனக்குத் தெரியும். தனியாக இருந்து உண்மையைச் சுமப்பது எவ்வளவு பாரம் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். என் குடும்பத்தில், என் கூரையின் கீழ், ஓர் அற்பப் பிழை நடந்தபோது..."

"அது பிழை இல்ல சார். நீங்க சொன்னது."

எழுந்து நின்ற பிறகுதான், பேசியது தான் என்று பெரியவளுக்கே தெரிந்தது. கூடம் திரும்பிப் பார்த்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணிச் சொன்னது நான்தான் ஐயா," என்றாள் செயலாளரைப் பார்த்து. "அந்தக் கேடயம் எனக்கு உண்டானது. எனக்கு வேணாம். டேப்ப இஸ்திரி போடச் சொன்னது இவரு. என்கிட்ட இவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு. அந்தப் பொண்ணு சொன்னதைச் செஞ்சவ. அவ வேலைய எடுக்காதீங்க."

கிசுகிசு அதிகாரி ஓடிவந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "யாரும் கேக்காதீங்க! தயவு செஞ்சு யாரும் கேக்காதீங்க! இது ரகசியம்!"

முன்வரிசையில் சிலர் மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

செயலாளர் பண்பானவர். ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்க உணர்ச்சி புரியுது. ஆனா தகவல் தந்தவர் நீங்கதான்னு நான் சொல்ல முடியாது. நீங்க இல்லன்னும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி."

"நானே சொல்றேனே ஐயா."

"சொல்லலாம்மா. நாங்க ஒத்துக்க முடியாது. இன்னிக்கு நீங்க சொல்வீங்க, நாளைக்கு இன்னொருத்தர் நான்தான்னு வருவாரு. உண்மையானவரை நாங்க காப்பாத்தணுமில்ல?"

கத்தரிக்கோலுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனால் மேடையில் நின்றே வயதானவர். சட்டென்று கை தட்டத் தொடங்கினார். "பார்த்தீர்களா! ஒருவர் துணிந்ததும் எத்தனை பேருக்குத் துணிச்சல் வருகிறது! இதுதான் இந்த விருதின் வெற்றி!" கூடம் மொத்தமும் தட்டியது. அவளுக்காகத் தட்டினார்களா, அவளை உட்கார வைக்கத் தட்டினார்களா என்று தட்டியவர்களுக்கும் தெரியாது.

தட்டாதவள் ஒருத்திதான் இருந்தாள். வேறு விதத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்று புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, செயலாளர் போகும்போது காலைப் பிடித்தாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று வாசல் ஓரமாக நின்றிருந்த சின்னவள். இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அவளை நோக்கி நகர்வதற்குள் அந்த இடம் காலியாகிவிட்டது.

வீட்டில் சின்னவள் சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"உக்காருங்கக்கா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பெரியவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் உன்னை மாட்டிவிடணும்னு பண்ணலடி. அவரைத்தான் சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன், அந்தப் பொண்ணு சொன்னதைச் செஞ்சவன்னு."

"தெரியும்க்கா. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன்டி இப்படிப் பாக்குற?"

"நான் தினமும் உங்க எதிர்லயே உக்காந்து சாபம் விட்டேனேக்கா. வாயில புழு விழணும்னேன். நாக்கு இழுத்துக்கணும்னேன். பேசாம வாங்கிக்கிட்டீங்களே. ஒரு நாளாவது 'நான்தான்டி, நிறுத்து'ன்னு சொல்லியிருந்தா என் பாவம் கொறஞ்சிருக்குமே."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் அந்த 'யாரும்'ல சேர்த்தியாக்கா?"

பெரியவள் அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினாள்.

"அந்தத் தையக்காரம்மா செத்த அன்னிக்கு நான் தூங்கல. உங்களுக்குத் தெரியும், நீங்கதான் பக்கத்துல படுத்திருந்தீங்க. என் கையால போச்சேன்னு கெடந்தேன். அப்ப எழுப்பி, 'வாடி, போயி சொல்லிடலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் வந்து அந்தப் போன்ல பேசியிருப்பேன். ரெண்டு பேரும் சொல்லியிருந்தா மையடிச்சிருக்க முடியுமா? தனியா பாத்தது கணக்குல வராதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானேக்கா."

அந்த வாரக் கடைசியில் தம்பி லாரியோடு வந்தான். அவன் சத்தம் போடவில்லை. "அவளுக்குக் கொஞ்சம் இடம் மாறினா தேவலக்கா," என்று வாசலைப் பார்த்துச் சொன்னான். வேறு ஊரில் லாரிக்காரர்கள் குடியிருக்கும் இடத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறானாம். மூட்டை முடிச்சுகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. புறப்படும்போது சின்னவள் திரும்பிவந்து, சமையற்கட்டில் எட்டிப் பார்த்து, "பால அடுப்புல வச்சிருக்கீங்க, பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு தாள்கள் வந்தன. செயலாளர் கையெழுத்துப் போட்டுச் சின்னவளின் நீக்கம் உறுதியானது. பெரியவளுக்கும் ஒன்று வந்தது, கிசுகிசு அதிகாரியின் பிரிவிலிருந்து. தகவல் தந்தவரின் அடையாளத்தைப் பொது மேடையில் வெளியிட்டது பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்; தகவல் தந்தவருக்கு இதனால் நேர்ந்த மன உளைச்சலுக்கு ஏன் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும். ஓரத்தில் யாரோ பென்சிலால், படிக்க முடியாத அளவுக்கு மெல்லியதாக, 'மன்னிக்கவும்மா' என்று எழுதியிருந்தார்கள். விசாரணை முடியும்வரை அவள் வேலையில் தொடரலாம். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆள் வேறு இல்லை.

புது ரப்பர் வளையமும் வந்தது. எவ்வளவோ காலமாக வந்துகொண்டே இருந்தது உண்மையிலேயே வந்துவிட்டது. முத்திரையை உடைத்து அதைப் பொருத்தி, அதற்கும் ரிப்பன் கட்டினார்கள். கத்தரிக்கோல் வெட்டினார். கேடயத்தை அவர் தம் அறையில் பார்வையாளர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியவள் முதல் சுமையைக் கட்டினாள். நீக்கப்பட்ட ஊழியரின் சீருடை அரசாங்கச் சொத்து. அடுத்து வருபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சின்னவளின் அங்கியும் சலவையாகி வந்திருந்தது. கொண்டுவந்து கொடுத்த மாறுகண் மேஸ்திரி, "அந்தப் பொண்ணு என்கிட்ட ஏன்மா கோவமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியவள் உள்பக்கத்துப் பையில் விரலை விட்டாள். மிட்டாய்த் தாள் ஒன்று, சலவையில் நைந்து, தையலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. அங்கியை ஒரு மூட்டையாகவும் கத்திகளை ஒரு மூட்டையாகவும் பச்சைத் துணியில் கட்டி, டேப் ஒட்டி, உள்ளே வைத்துச் சக்கரத்தைத் திருகினாள். கதவு ஓரத்தில் ஒரு பொட்டு நீராவி கசியவில்லை. முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி நின்றது.

கத்தி மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோடுகள் நல்ல கறுப்பு. மை மாதிரி கறுப்பு. இவ்வளவு சுத்தமாக அவை கறுத்து வெகுகாலம் ஆயிற்று.

"கறுத்தாச்சு," என்றாள்.

அறுவை சிகிச்சை அறையிலிருந்து ஆள் வந்து கதவருகே நின்றான். "ரெடியாக்கா? டாக்டர் கேக்குறாரு."

"இரு."

"அதான் கறுத்திருக்கே."

"இருடா கொஞ்சம்," என்றாள் பெரியவள். மூட்டைமேல் கையை வைத்தபடி, சின்னவள் எப்போதும் நின்று பாத்திரங்கள் கழுவும் தொட்டியின் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.